டக்கு பிடிக்காத பாவாடை

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒரு பச்சைப் பாவாடை, ஜவுளிக்கடை கவரோடு, பல வருடங்களாக இருந்தது. மாம்பழ நிறத்தில் விரலகல ஜரிகைக் கரை. ஐந்தாறு வயதுப் பெண் குழந்தைக்கான அளவு. போன பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது என் மனைவி அதை எடுத்துப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டாள். நர்ஸம்மாவுடையது என்றேன். எந்த நர்ஸம்மா, அவர் பாவாடை நம் வீட்டில் எதற்கு, இத்தனை வருடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனாள். காலமெல்லாம் வண்டி ஓட்டியவனுக்கு, பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்டால் ரோட்டைப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். நான் ஜன்னலைப் பார்த்தேன். பதில் தெரியாமல் இல்லை. எந்த இடத்திலிருந்து சொன்னால் அவளுக்குப் புரியும் என்றுதான் தெரியவில்லை. சொல்ல வராததை எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டை. முந்திரியும், நாங்கள் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளைகிற மேட்டு நிலத்துக்காரன். கடல் என்றால் மாசி மகத்துக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வருகிற இடம், அவ்வளவுதான். சுனாமி வந்து போன சில நாட்களில் மருத்துவ முகாம்களுக்கு வாடகை வண்டிகள் தேடினார்கள். என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. சில வாரங்களுக்கு என்று போனவன், ஏழெட்டு வருடம் அந்தக் கடற்கரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். கிள்ளைக்குக் கிழக்கே ஒரு மீனவர் குப்பமும் அதைச் சுற்றிய சில ஊர்களும் எங்கள் பகுதி. வண்டியில் முன் சீட்டில் உட்கார்பவர் நர்ஸம்மா. காகிதத்தில் அவருக்குக் கிராம சுகாதார செவிலியர் என்று பெயர். அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சிதம்பரத்தில் வீடு, கிறிஸ்தவக் குடும்பம், ஆசிரியர் வேலை பார்க்கும் கணவர், கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள்.

நர்ஸம்மா வேலை செய்கிற விதத்தைப் பார்த்து ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வீட்டுக்குப் போனால் உடனே மாத்திரையை எடுக்க மாட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். கருவாடு காய்கிற பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, காக்காயை விரட்டியபடி ஊர்க்கதை பேசுவார். வெயிலில் ஜீப்பும் காயும், நானும் காய்வேன். முகாமுக்குத் தேதி குறிப்பதற்குக்கூட முதலில் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் போய், எந்த நாளில் படகு இறங்காது, எந்த நாளில் கோவிலில் விசேஷம் என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுவார். அவர் குறித்த நாளில் ஆண்கள் கரையில் இருப்பார்கள், பெண்கள் கை ஓய்ந்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த ஆலோசகர்கள் வண்ண அட்டைகளைப் பரப்பி வைத்து, மனதில் இருப்பதை வரையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களும் நல்லவர்கள்தான். ஆனால் என் பிள்ளை இறந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றபோது, குப்பத்துப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அந்தக் குப்பத்தில் ஒரு தாய். அவர் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. முப்பது வயது இருக்கும் அப்போது. ஒரு பையன், ஒரு பெண். இரண்டையும் கடல் கொண்டுபோய்விட்டது. பையன் சவுக்குத் தோப்பில் கிடைத்தான், புதைத்தார்கள். நான்கு வயதுப் பெண் கிடைக்கவே இல்லை. அந்தப் பெண் பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அந்தத் தாயை அழைத்துப்போனவர் நர்ஸம்மா. ஒன்று ஆண், ஒன்று பெண், ரெண்டு போதும் என்று அதே வாசலில் உட்கார்ந்து சொன்னவர். அப்போது நர்ஸம்மாவே கைக்குழந்தைக்காரி. இரண்டு குழந்தைகளும் ஒரே மாதத்தில் பிறந்தவை, ஒரே தராசில் எடை பார்க்கப்பட்டவை. எம் புள்ளதான் ஒரு புடி ஜாஸ்தி என்று அந்தத் தாய் கேலி செய்வாராம்.

பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு, கட்டிய குழாயை மறுபடி சேர்த்து வைக்கிற ஆபரேஷனை அரசாங்கமே இலவசமாகச் செய்தது. குப்பத்தில் மற்றவர்கள் கிளம்பினார்கள். இவர் மட்டும் அசையவில்லை. நீதானே அன்றைக்குக் கூட்டிப்போனாய் என்று மற்ற பெண்கள் நர்ஸம்மாவை முகத்துக்கு நேரே கேட்டார்கள், திட்டினார்கள், மண்ணை வாரித் தூற்றாத குறை. பிறகு அவர்களே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இந்தத் தாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனால் தண்ணீர் கொடுப்பார், பாய் போடுவார், இரத்த சோகைக்குக் கொடுத்த மாத்திரையைத் தொடாமல் அப்படியே வைத்திருப்பார். ஒருநாள் திரும்பி வரும்போது பரங்கிப்பேட்டை ரோட்டில் நர்ஸம்மா என்னிடம் சொன்னார். "அந்தப் பொண்ணு என்னை ஒண்ணுமே கேக்கல பாருங்க தம்பி. ஒரு வார்த்த திட்டியிருந்தா நான் தூங்கியிருப்பேன்."

ஏன் ஆபரேஷனுக்கு வர மறுக்கிறார் என்பது தெரிய ஒரு வருடம் ஆனது. மகள் இன்னும் தண்ணீரில் நிற்கிறாள் என்று அவர் நம்பினார். அவளை வீட்டுக்குக் கூப்பிடாமல் இன்னொரு பிள்ளையை வயிற்றில் வாங்கினால் அவள் வெளியிலேயே நின்றுவிடுவாள். முதலில் அவளைப் பூவாடையாக அழைத்து வர வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. நர்ஸம்மாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. ஜீப்பில் என்னிடம் கேட்டார். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் இது உண்டு. வாழாமல் போன பெண், குழந்தையோ குமரியோ, வீட்டுத் தெய்வமாகிவிடுவாள். நீர்க்கரைக்குப் போய் பம்பை அடித்து, பூவும் மஞ்சளும் போட்ட குடத்தில் அவளை அழைத்து வந்து, நடுவீட்டில் புதுத் துணி வைத்துப் படைப்பார்கள். அந்தத் துணியைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த படையலின்போது வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்துக் கட்டிக்கொள்வாள். இதைச் சொல்லிவிட்டு, உங்கள் சபையில் தெரிந்தால் என்ன ஆகும் என்று கிண்டலாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்ப அதுதான் முதல் வைத்தியம் என்று மட்டும் சொன்னார்.

அதற்குக் குறுக்கே நின்றவர் அந்தத் தாயின் வீட்டுக்காரர். அவர் மகள் செத்துப்போனதாக நினைக்கவில்லை. யாரோ தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள், எந்த ஊரிலோ ஏதோ ஒரு இல்லத்தில் இருக்கிறாள். மகளின் போட்டோவைக் கண்ணாடித் தாள் ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடலூர், பாண்டி, மெட்ராஸ் என்று போய் வந்துகொண்டிருந்தார். கடலுக்குப் போவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். பூவாடை என்ற பேச்சை எடுத்தாலே, உயிரோட இருக்கிற பிள்ளைக்குப் படைக்கிறாயா என்று மனைவியிடம் பாய்வார். ஆக ஒரே வீட்டில் ஒருவருக்கு மகள் தண்ணீரில் இருந்தாள், இன்னொருவருக்கு ஊரில் இருந்தாள். இருவரும் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள்.

அவரிடம் பேச நர்ஸம்மா பல தடவை போனார். மகள் இல்லை என்று ஒருமுறைகூட அவரிடம் சொல்லவில்லை. கடைசியாகப் பேசியது மட்டும் என் காதில் விழுந்தது. படகுக்கு அடியில் நிழலில் உட்கார்ந்திருந்தவரின் எதிரே மணலில் உட்கார்ந்துகொண்டார்.

"கூப்புடறதுல என்னங்க தப்பு? எங்க இருந்தாலும் அப்பா அம்மா கூப்புடறது புள்ளக்கிக் கேக்கட்டுமே."

அவர் வெகுநேரம் வலையை நோண்டிக்கொண்டிருந்தார். பிறகு, கூப்பிடட்டும் என்றார்.

ஆடி வெள்ளிக்கு நாள் குறித்தார்கள். புதுப் பாவாடை சட்டை நான்தான் எடுப்பேன் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். முதல்நாள் சாயந்திரம் சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஜவுளிக்கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளையும் கூட்டி வந்திருந்தார். கடைக்காரர் என்ன வயசு என்று கேட்டபோது, இதோ இவ வயசுதான் என்று மகளை முன்னே நிறுத்தினார். பச்சைப் பாவாடையை அந்தக் குழந்தையின் இடுப்பில் வைத்துப் பார்த்து, கணுக்கால் வரை சரியாக இருக்கிறது என்று வாங்கினார். குழந்தைக்கு ஒரே சந்தோஷம். அது உனக்கில்லை என்று சொன்னதும் முகம் சுண்டிப் போனது. நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் முகத்துவாரத்தில் பம்பைக்காரர்கள் வரிசையாக நின்று அழைத்தார்கள். தண்ணீர் அன்றைக்கு வாய்க்கால் தண்ணீர் போலச் சாதுவாக இருந்தது. தாய் இடுப்பளவு இறங்கிப் புதுக்குடத்தில் மொண்டார். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டுக்காரர் கரையில் நின்றார். அவரும் ஒருமுறை கூப்பிட்டார். ஆனால் கடலைப் பார்த்து இல்லை, மேற்கே ஊரைப் பார்த்து. நான் அதைப் பார்த்தேன். நர்ஸம்மாவும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி, பலகையில் துணியை வைப்பதற்காகத் தாய் பாவாடையைப் பிரித்தார். பிரித்தவர் கை அப்படியே நின்றது. தன் இடுப்பிலிருந்து கீழே தொங்கவிட்டுப் பார்த்தார். நான்கு வயதில் போன பிள்ளைக்கு அது பெரிது. போட்டால் தரையில் புரளும். உறவுக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் மகள் இந்த ஒன்றரை வருடத்தில் வளர்ந்துவிட்டாள். இல்லாத குழந்தைக்கு, இருக்கிற குழந்தையை நிறுத்தி அளவெடுத்துவிட்டார். முகம் வெளுத்துப்போய், அளவு தப்பாகிவிட்டது, சிதம்பரத்தில் டைலர் இருக்கிறார், மடித்து டக்கு பிடித்துக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று கையை நீட்டினார். தாய் பாவாடையைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"டக்கு புடிக்க வேணாம் நர்ஸம்மா. வளந்துருவா."

எல்லா வீட்டிலும் எல்லாத் தாய்மாரும் சொல்கிற வார்த்தை. வாசற்படியில் நின்ற வீட்டுக்காரர் உள்ளே வந்து பாவாடையின் நீளத்தை மேலும் கீழும் பார்த்தார். "நான் இன்னும் சின்னப் புள்ளயத்தான் தேடிக்கிட்டுக் கெடக்கிறேன்" என்றார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவணியில் அந்தத் தாய் தானே கிளம்பி வந்து ஜீப்பில் ஏறினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார், உடம்பில் இரத்தம் ஊறியது, கணவனோடு பேசவும் தொடங்கினார். நர்ஸம்மாவின் முறை பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் பிள்ளை வரவில்லை. இந்த ஆபரேஷன் எல்லாருக்கும் பலிப்பதில்லை என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும், முன்னாலேயே சொல்லியும் இருந்தார். இருந்தாலும் ஒவ்வொரு மாதமும் அந்த வாசலில் இறங்கும்போது அவர் முதலில் அந்தத் தாயின் முகத்தைப் பார்ப்பார். பார்த்ததும் பேச்சை மாற்றுவார்.

வீட்டுக்காரர் தேடுவதை விடவில்லை. முன்பு போட்டோவை மட்டும் காட்டுவார். இப்போது போட்டோவைக் காட்டிவிட்டு, கையைத் தன் இடுப்புக்கு நேரே பிடித்து, இப்ப இவ்ளோ ஒசரம் இருப்பா என்பார். ஒவ்வொரு வருடமும் அந்தக் கை கொஞ்சம் மேலே ஏறியது. ஒரே ஒரு பாவாடையின் தப்பான அளவு, தாய்க்கு ஒரு ஆறுதலையும் தகப்பனுக்கு ஒரு பைத்தியத்தையும் கொடுத்துவிட்டது. தான் செய்த தப்பு எந்தப் பக்கம் போய் நிற்கும் என்று நர்ஸம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் நர்ஸம்மா பாவாடை எடுத்தார். எடுக்காமல் இருக்க முடியாது. உங்க பாப்பா அளவுக்கே எடுங்க என்று அந்தத் தாய் சொல்லிவிட்டார். அதே கீழவீதி, அதே கடை. மகளைக் கூட்டிவந்து நிறுத்தி, இடுப்பில் வைத்துப் பார்த்து, மடித்து வாங்கிக்கொள்வார். முடிந்ததும் மகளின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போடுவார். மகளைக் கடற்கரைக்கு ஒருநாளும் விட்டதில்லை. பள்ளிச் சுற்றுலா பிச்சாவரத்துக்கு என்றபோது காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தார். ஒன்றும் தெரியாத அந்தக் குழந்தைக்கு வருடா வருடம் நல்ல பாவாடை ஒன்றைக் காட்டி, வைத்துப் பார்த்து, பிடுங்கிக்கொள்கிறார்கள். ஒருமுறை நர்ஸம்மா பணம் கட்டப் போன நேரத்தில் என்னிடம் வந்து, "அங்கிள், அந்தப் பாவாடையெல்லாம் யாருக்கு? அவ என்னைவிட நல்லாப் படிப்பாளா?" என்று கேட்டாள். நான் வழக்கம்போல ரோட்டைப் பார்த்தேன்.

அந்த வீட்டிலும் பாவாடைகள் ட்ரங்குப் பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. எடுத்துக் கட்டிக்கொள்ள அந்த வீட்டில் பெண் குழந்தை இல்லை. பூவாடையின் துணியைக் கட்ட ஆளில்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தாய் காது கொடுக்கவில்லை.

தானே புயல் அடித்து ஓய்ந்த வருடம், இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. நர்ஸம்மாவுக்குப் பெண்ணாடம் பக்கம் மாற்றல் வந்தது. அந்தக் கோடையில் மகள் பெரியவளாகியிருந்தாள். அந்த ஆடிக்குப் பாவாடை தாவணி எடுக்க வேண்டும். கடையில் மகள் அளவுக்கு நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். யாருக்கு என்று சொன்னால் நிற்கிறேன், இல்லாவிட்டால் இல்லை. நர்ஸம்மா அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மகள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, நானும் வரேம்மா என்றாள்.

மறுநாள் வழியெல்லாம் நர்ஸம்மா மகளின் கையை விடவில்லை. வண்டி குப்பத்துக்குள் நுழைந்தபோது அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அந்த வாசலில் மகள் இறங்கி நின்றாள். உள்ளேயிருந்து வந்த தாய் படியிலேயே நின்றுவிட்டார். அளவு பார்த்த பெண் இவள்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் மெல்ல வந்து அவள் தோளைத் தொட்டார், பின்னலைத் தொட்டார், முகத்தை வழித்துத் திருஷ்டி எடுத்தார். வீட்டுக்காரர் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தார். பார்த்ததும், பழக்கத்தில், அவர் கை நெஞ்சு உயரத்துக்கு எழுந்து நின்றது. அந்த வருடத்துக்கு அவர் வைத்திருந்த அளவு அது. பெண் அவர் தோளைத் தாண்டி நின்றாள்.

கையைக் கீழே போட்டார். சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தார். அதையும் பெண்ணின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோ வளந்துட்டாளா? அப்ப எம் புள்ள வழியில எதுர வந்தாக்கூட எனக்கு அடையாளம் தெரியாதே."

அவர் உள்ளே போய்ப் பலகையில், விளக்குக்குப் பக்கத்தில், போட்டோவை வைத்தார். அதற்குத் தாய் தன் கையால் பூப் போட்டார். எட்டு வருடமாக இரண்டு இடத்தில் இருந்த பிள்ளை அன்றைக்குத்தான் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. நர்ஸம்மா சுவரோடு சாய்ந்து நின்றார். அவர் மகள்தான் ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

படையல் முடிந்ததும் தாய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து போன வருடத்துப் பாவாடையை எடுத்து நர்ஸம்மாவின் மகளுக்குக் கட்டிவிட்டார். அது குட்டையாக இருந்தது. பரவாயில்லை, முறைக்குக் கட்டியாச்சு என்றார். பிறகு அடியிலிருந்த பச்சைப் பாவாடையை, அந்த முதல் பாவாடையை, கவரோடு எடுத்து நர்ஸம்மாவின் மடியில் வைத்தார்.

"இனிமே எடுக்க வேணாம் நர்ஸம்மா. பெரிய மனுசி ஆயிட்டா, அவளுக்கு வேணுங்கறத அவளே பாத்துக்குவா. இத நீங்க வச்சுக்குங்க."

நர்ஸம்மா அப்போது உடைந்துபோனார். அன்னிக்கி நான்தானே உன்ன கூட்டிட்டுப் போனேன் என்று இத்தனை வருடம் தொண்டையில் இருந்ததைச் சொல்லியே விட்டார். தாய் இல்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நர்ஸம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் வீட்டு வாசலில் இறங்கும்போது நர்ஸம்மா அந்தக் கவரை சீட்டிலேயே விட்டுவிட்டார். மறந்துவிட்டீர்கள் என்று நீட்டினேன். வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது தம்பி, தூக்கிப் போடவும் முடியாது, நீங்கள் வைத்திருங்கள் என்றார். அவர் பெண்ணாடம் போனார். நான் ஜீப்பை விற்றுவிட்டு ஊருக்கு வந்தேன். சில வருடங்கள் கழித்து அவர் காலமானார் என்று கேள்விப்பட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. மகள் இப்போது டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாளாம். குப்பத்துப் பக்கம் நான் பிறகு போகவில்லை. அந்தத் தாய்க்குப் பிள்ளை பிறக்கவே இல்லை என்று மட்டும் தெரியும்.

அந்தப் பொங்கலுக்கு என் மகள் வீட்டிலிருந்து பேத்தி வந்திருந்தாள். ஆறு வயது. என் மனைவி என் பதிலுக்குக் காத்திராமல், நல்ல துணி வீணாகப் போகிறதே என்று அந்தப் பச்சைப் பாவாடையைக் குழந்தைக்குக் கட்டிவிட்டாள். கூடத்துக்கு ஓடிவந்த குழந்தையைப் பார்த்ததும் கழற்று என்று கத்த வாயெடுத்தேன். கட்டிக்கொள்ள ஆளில்லாமல் பெட்டியிலேயே கிடந்த பாவாடை ஞாபகம் வந்தது. அடக்கிக்கொண்டேன். பேத்தி வயதுக்குக் கொஞ்சம் குள்ளம். கரை தரையில் புரண்டது.

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, டக்கு பிடித்துவிடட்டுமா என்று மனைவி கேட்டாள்.

"வேணாம், வளந்துருவா" என்றேன்.

சொல்லிவிட்டுக் குழந்தையின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். வலிக்குது தாத்தா என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டேன்.